வரிசை அழகுக்காக இல்லை

நேற்று என் பேட்ச் (நான் அனுப்பிய கோடு திருத்தம்) ஏற்கப்படாமல் மூடப்பட்டது உங்களில் பலருக்குத் தெரியும். புரோகிராமை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலில் ஒரே ஒரு வரி மாற்றம்: கம்பைல் ஆன கோடு இருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களின் பட்டியலைப் பெயர் வரிசைப்படி அடுக்கும் ஒரு சார்ட் (sort). "அழகுபடுத்தும் வேலை, தேவையில்லை" என்று எழுதி மூடிவிட்டார்கள். காரணம் எழுதியிருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை.

வரிசை அழகுக்காக இல்லை. இந்த ஃபைல்களை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்கர், பழைய வழக்கப்படி பட்டியலை இடமிருந்து வலமாகப் படிக்கும். ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியை (ஆப்ஜெக்ட் ஃபைல்களின் தொகுப்பு) தொடும்போது எந்த சிம்பல்கள், அதாவது ஃபங்ஷன், மாறி பெயர்கள், எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் தீராமல் நிற்கின்றனவோ, அவற்றுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். தேவை அதற்குப் பிறகு வந்தால் திரும்பிப் பார்க்காது. எல்லா ஃபைலும் இருந்தும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (இந்தப் பெயர் எங்கும் இல்லை) என்ற பிழை வருவது இப்படித்தான். யூனிக்ஸில் டிசார்ட் (tsort) கட்டளை பிறந்ததே இதற்காக. எந்த ஃபைல் எதைச் சார்ந்தது என்று லார்டர் (lorder) கட்டளை சொல்லும், டிசார்ட் அதை வரிசையாக்கும், அந்த வரிசையில் ஏஆர் (ar) கட்டளை லைப்ரரியைக் கட்டும். எந்த சிம்பல் எந்த ஃபைலில் என்று காட்டும் ரான்லிப் (ranlib) அட்டவணை வந்ததும் ஒரு லைப்ரரிக்கு உள்ளே இருந்த தொல்லை தீர்ந்தது. லைப்ரரிகளுக்கு இடையே தீரவில்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு சி++ ஷேர்டு லைப்ரரி (புரோகிராம் ஓடும்போது ஏற்றப்படுவது). என் கணினியில் ஓடும், பில்ட் கணினியில் தொடங்கும்போதே விழும். மூன்று இரவு தூங்கவில்லை. ஒரு ஃபைலின் குளோபல் ஆப்ஜெக்ட் (புரோகிராம் தொடங்கும்போதே உருவாவது), இன்னொரு ஃபைலின் குளோபல் லாகரை (நடப்பதைப் பதிவு செய்யும் ஆப்ஜெக்ட்) அது கட்டப்படும் முன்பே கூப்பிட்டது. ஃபைல்களுக்கு இடையே எது முதலில் கட்டப்படும் என்று சி++ உறுதி தருவதில்லை. நடைமுறையில் அது லிங்க் வரிசையைப் பொறுத்தது. பில்ட் கணினியில் மேக்ஃபைலை இயக்கியது குனு மேக் 3.82. அந்தப் பதிப்பில் வைல்ட்கார்டு முடிவுகளை (*.o போல எழுதினால் கிடைக்கும் ஃபைல் பட்டியலை) அடுக்குவதை நிறுத்தியிருந்தார்கள். 2020இல் 4.3 வந்தபோதுதான் மறுபடி அடுக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் என்னைப் போல எத்தனை பேர் விழித்திருப்பார்கள்!

"குறை உன் கோடில்தானே, வரிசையில் இல்லையே" என்பார்கள். ஆமாம், கோடில்தான். அதைத் திருத்தவும் செய்தேன். ஆனால் வரிசை நிலையாக இருந்திருந்தால் அது எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கும், முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

"லிங்கருக்கு ஸ்டார்ட்-குரூப் ஆப்ஷன் போடு" என்பார்கள். தீராத சிம்பல் புதிதாக எதுவும் முளைக்காத நிலை வரும் வரை அது அந்த லைப்ரரிகளையே திரும்பத் திரும்பத் தேடும். கன்ஸ்ட்ரக்டர் வரிசைக்கு, அதாவது குளோபல் ஆப்ஜெக்ட்கள் கட்டப்படும் வரிசைக்கு, அது என்ன செய்யும்?

"எல்எல்டி, மோல்ட் போன்ற புதிய லிங்கர்கள் இருக்கும்போது இது எதற்கு?" சரி, அவை லைப்ரரி சிம்பல்களை நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஆனால் இரண்டு லைப்ரரிகளில் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால் எது உள்ளே வரும்? அங்கேயும் வரிசைதான் முடிவு செய்கிறது.

வேகத்தைக்கூட வரிசை மாற்றும். லிங்க் வரிசையை மாற்றினாலே ஓ3 (கம்பைலரின் வேகப்படுத்தும் ஆப்ஷன்) உதவுகிறதா இல்லையா என்ற முடிவு புரளலாம் என்று 2009இல் மிட்கோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் அளந்து காட்டினார்கள். அதையும் அழகுபடுத்தல் என்பீர்களா?

எனக்கு வலித்தது பேட்ச் மூடப்பட்டதில்லை. புதிய ஃபங்ஷன் எழுதினால் பத்து பேர் வந்து படிக்கிறார்கள். பில்ட் ஃபைலைத் தொட்டால் அது வேலையே இல்லை என்கிறார்கள். பில்ட் உடைந்தால் மட்டும் இரவு பதினொரு மணிக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்று காலை அதே வரியை மறுபடி அனுப்பியிருக்கிறேன். சார்ட் இல்லாமல் இரண்டு கணினிகளில் கட்டிய லைப்ரரியின் ஹேஷ் மதிப்புகளையும் (ஃபைலின் கைரேகை போன்ற எண்கள்) சேர்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு.