கொவிட் நாவலுக்கு முதலில் ஒரு நாட்காட்டி வேண்டும்

சிங்கப்பூரை வைத்துக் கொவிட் நாவல் எழுதப்போகிறவர்கள் 2020ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்றைக் கண்ணெதிரே மாட்டிக்கொள்வது நல்லது. ஏப்ரல் 20ஆம் தேதி ஒருவர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து தே-ஓ (பாலில்லாத தேநீர்) குடித்தால் கதை அங்கேயே படுத்துவிடும். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, 56 நாள், சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு. பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். தொற்றியவரோடு யார் யார் பழகினார்கள் என்று தடம் பார்க்கும் டிரேஸ்டுகெதர் செயலி மார்ச்சிலேயே வந்துவிட்டது, கழுத்தில் தொங்கிய கருவி பிறகுதான் வந்தது. இதைவிட நுட்பமான சறுக்கல் ஒன்று உண்டு. முதலில் மே 4 வரை என்றுதான் சொன்னார்கள். நீட்டிப்பை அறிவித்தது ஏப்ரல் 21. ஏப்ரல் 10இல் ஒருத்தி "இன்னும் ரெண்டு மாசம் இப்படியேதான்" என்று பெருமூச்சு விட்டால், அவள் வாயில் புகுந்து பேசுவது நீங்கள்.

தொடக்கத்துக்கு வெறிச்சோடிய ஆர்ச்சர்ட் ரோடு வேண்டாமே, அலுத்துவிட்டது. பிப்ரவரி 7 மாலை, நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. பேரங்காடிகளில் அரிசியும் மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டும் கழிவறைத் தாளும் காலி. விடிந்தால் தைப்பூசம், சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குக் காவடி கிளம்புகிறது. அரிசி மூட்டைக்கு வரிசையில் நின்றவரே பால்குடத்தோடும் நிற்கலாம்.

சாவு வீட்டைத் தவிர்க்காதீர்கள். ஒரே நேரத்தில் 10 பேர் என்பது அப்போதைய விதி. மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எண்ணினால் சம்பந்தி வருவதற்குள் பத்தாகிவிடும். இருபது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் மலாய்க்கார மாக்சிக் (அத்தை மாதிரி) எந்தக் கணக்கு? ஒப்பாரியை நீட்ட வேண்டியதே இல்லை. வாய்க்கரிசி போட ஒருவர் உள்ளே போக, யார் எழுந்து புளோக்குக்குக் கீழே இறங்குகிறார் என்று எழுதினாலே உறவுமுறை முழுக்கத் தெரிந்துவிடும்.

கணக்கு என்றதும் ஏப்ரல் 20தான் நினைவுக்கு வருகிறது. ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் அதில் 16 பேர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள். அன்றாட அறிக்கையில் சமூகத்துக்கு ஒரு வரி, விடுதிக்கு ஒரு வரி. இரண்டு வரியிலும் தமிழர்கள் இருந்தார்கள். அந்தக் கோட்டைத் தொடாத சிங்கப்பூர்த் தமிழ் நாவல் அரை நாவல் என்பது என் கட்சி.

தொடுகிறவர்களும் பேச்சில் கோட்டை விடுகிறார்கள். விடுதியில் இருக்கும் புதுக்கோட்டைக்காரரும் இங்கேயே வளர்ந்த ஈசூன்காரரும் நாவலில் ஒரே தமிழ் பேசுகிறார்கள். நிஜத்தில் அவர் "ரூமுக்குப் பதினாறு பேருண்ணே, எங்கிட்டுத் தள்ளி நிக்கிறது?" என்பார். இவர் "சாப்பாடெல்லாம் அனுப்புறாங்கதானே லா?" என்பார். அந்த "தானே"யில் இருக்கிறது இருவருக்கும் நடுவிலுள்ள தூரம். இன்னொன்று, கதைகளில் விடுதிக்காரர் இருமவும் அழவும் மட்டும் வந்து போகிறார். மேல் கட்டில், கீழ்க் கட்டில் சண்டை எங்கே? சார்ஜர் போடப் போட்டி? பண மாற்றுக் கடைக்குப் போக முடியாமல் கைப்பேசியிலேயே ஊருக்குப் பணம் அனுப்பத் தட்டுத்தடுமாறிக் கற்றது?

கலைத்துறைக்காரர் ஒருவரைப் பாத்திரமாக வைப்பவர்களுக்கு ஜூன் 14 இருக்கிறது. ஆங்கில நாளேட்டின் ஞாயிறு இதழில் வந்த கருத்துக்கணிப்பில், அத்தியாவசியமில்லாத வேலைகளில் முதலிடம் கலைஞருக்கு, 71 விழுக்காடு. உங்கள் பாட்டு ஆசிரியை அன்று காலை அதைப் படித்துவிட்டு ஸூம் வகுப்புக்கு உட்காரட்டும். ஆனால் அவரும் மாணவியும் சேர்ந்து பாடுவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒலி பிந்தி வருவதால் சேர்ந்து பாடினால் தாளம் கலையும். ஒருவர் பாட, மற்றவர் மைக்கை அணைத்துக் கேட்க வேண்டும். தம்பூராவின் விடாத ரீங்காரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து ஸூம் அமுக்கிவிடும். ஆசிரியை காதில் சுருதி நிறைந்திருக்கும், மாணவிக்கு ஒன்றும் கேட்காது. சத்தத்தை வடிகட்டாமல் அப்படியே அனுப்பும் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற பொத்தானை அவர்கள் கண்டுபிடிக்க மூன்று வாரமாவது ஆகட்டும்.