எங்கள் கருத்தைக் கேட்டீர்கள், பதில் எங்கே?

பெங்களூரில் அரசு எதை மாற்றினாலும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்ற ஒரு வரி கோப்பில் ஏறிவிடுகிறது. மெட்ரோ கட்டணமோ, மேம்பாலமோ, வார்டு எல்லையோ, சாலையோர மரமோ, எதுவானாலும் அந்த வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை நம்பி வேலைக்கு விடுப்புப் போட்டு, மனு எழுதி, தெருவில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் கால் கடுக்க நின்று ஒப்புகை முத்திரை பெற்று வந்தவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் எழுதிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்சேபம் ஏற்கப்படவில்லை என்பதற்காக நான் குமுறவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரிகூட எழுதாமல், எங்களைக் கேட்டதாக மட்டும் கணக்குக் காட்டிக்கொள்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வார்டு எல்லை விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய மாநகராட்சியைக் கலைத்து ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்த பிறகு, 368 வார்டுகளுக்கான வரைவு 2025 செப்டம்பர் 30 அன்று வெளியானது. மறுநாள் ஆயுத பூஜை, அதற்கடுத்த நாள் விஜயதசமி. ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15 என்று அறிவித்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊரில், பாதிப் பேர் பண்டிகைக்குச் சொந்த ஊருக்குப் போயிருக்கும் நாட்களையும் சேர்த்து இரண்டே வாரம்! இந்த வரைவுக்கு முன் இந்த நகரத்தில் மாநகராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2015 ஆகஸ்டில். அந்தக் கவுன்சிலின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளாகச் சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், போய் முறையிட எங்களுக்கு ஒரு கார்ப்பரேட்டர், அதாவது வார்டு உறுப்பினர், இல்லை. ஐந்து ஆண்டுகள் தேர்தலை நடத்தாமல் இழுத்தடிக்க முடிந்த அரசுக்கு, மக்கள் வரைபடத்தைப் பார்த்து யோசித்து எழுத ஒரு மாதம் கொடுக்க முடியவில்லை. 2022இல் 243 வார்டுகளுக்கு வரைவு போட்டபோதும் இதே பதினைந்து நாள் கதைதான் நடந்தது.

அல்சூர் பக்கம் இருக்கும் எங்கள் தெருவை அந்த வரைவு நடுவில் கோடு போட்டுப் பிரித்தது. இடப்பக்க வீடுகள் ஒரு வார்டு, வலப்பக்க வீடுகள் இன்னொரு வார்டு. குப்பை வண்டியும் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்பதால், இதனால் என்ன சிக்கல் வரும் என்று தெருவில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாளைக்குக் குழாய் உடைந்தால், அது எந்த வார்டுக் குழாய் என்று இரண்டு பொறியாளர்கள் வாதாடிக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் விளக்கி, எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியையின் உதவியோடு கன்னடத்தில் மனு எழுதினோம். எல்லையைப் பின்னால் இருக்கும் பெரிய சாலைக்கு நகர்த்தினால் போதும் என்று மாற்று வழியையும் கைப்பட வரைந்து இணைத்தோம். அலுவலகத்தில் இருந்தவர் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "இது ஆட்சேபமா, ஆலோசனையா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றதற்கு, ஏதாவது ஒன்றுதான் எழுத முடியும் என்று சொல்லி, ஆட்சேபம் என்று ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டு முத்திரை குத்தினார். நவம்பரில் வந்த இறுதிப் பட்டியலில் வார்டுகளின் எண்ணிக்கை 369 ஆகியிருந்தது. எங்கள் தெருவின் நடுவில் போட்ட கோடு மட்டும் அப்படியே இருந்தது. நாங்கள் காட்டிய மாற்று வழியில் தவறு இருந்திருக்கலாம், மக்கள்தொகைக் கணக்கு இடித்திருக்கலாம். அதைச் சொல்வதற்கு ஒரு காகிதம் போதும். அது வரவே இல்லை.

அந்த ஆசிரியை அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழர்களுக்குக் கன்னட அறிவிப்பு புரியாதது இயல்புதானே என்று சிலர் சொல்வார்கள். இது கன்னட நாடு, அறிவிப்பு கன்னடத்தில் வருவதுதான் முறை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் கன்னடம் சொல்லிக் கொடுத்த அந்த அம்மாவே அந்த எல்லை விவரத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "நம்ம வீடு இதுல எங்க வருதுன்னு எனக்கே தெரியலம்மா" என்றார். வாய்க்காலின் வடகரை, சர்வே எண், இன்ன சாலையின் மையக்கோடு என்று போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பத்தியில் மக்கள் புழங்கும் தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. வரைபடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கினால் எழுத்துகள் கலங்கிப் போகின்றன. கன்னடர், தமிழர், தெலுங்கர், உருது பேசுபவர் என்ற பாகுபாடே இல்லாமல் அத்தனை பேரையும் வெளியே நிறுத்துகிற அறிவிப்பு அது.

மொழி விஷயத்தில் மத்திய அரசு நடந்துகொண்டது இதைவிட மோசம். ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வதற்கான விதிகளின் வரைவு, அதாவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, 2020 ஏப்ரலில், நாடே ஊரடங்கில் கிடந்தபோது, இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியானது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. பழவேற்காட்டு மீனவரும் தன் கடலைப் பற்றித் தன் மொழியில் படித்துப் பதில் சொல்லட்டும் என்பதைத் தவிர அந்த உத்தரவில் வேறென்ன இருக்கிறது? அதை நிறைவேற்றுவதற்குப் பதிலாக, சட்டப்படி அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. படிக்கவே முடியாத ஒன்றின் மீது எதற்காகக் கருத்துக் கேட்கிறார்கள்?

மெட்ரோ கட்டணத்தில் நடந்தது இன்னும் ஆறாத புண். கட்டண நிர்ணயக் குழு 2024 அக்டோபரில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 2025 பிப்ரவரி 9 முதல் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆனது. சில நிலையங்களுக்கு இடையே கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் கண்டு மக்கள் கொதித்த பிறகு, சில நாட்களிலேயே உயர்வை 71 சதவீதத்துக்குள் நிறுத்துவதாக நிர்வாகம் திருத்தம் செய்தது. அவ்வளவு பெரிய பிழை முதலிலேயே கண்ணில் படவில்லை என்றால், அக்டோபரில் வாங்கிய கருத்துகளை எவர் படித்தார்? இந்த உயர்வு எந்தக் கணக்கின் அடிப்படையில் வந்தது என்று காட்டும் குழு அறிக்கையோ, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போன பிறகு செப்டம்பரில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஏழு மாதம் கூடுதல் கட்டணத்தைக் கொடுத்துக்கொண்டே அதன் காரணத்துக்காகக் காத்திருந்தோம்.

எங்கள் தெருவிலிருந்து ஒயிட்ஃபீல்டு அடுக்ககங்களுக்குச் சமையல் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். இரண்டு பேருந்து மாறிப் போனால் முதல் வீட்டுக்குத் தாமதமாகிவிடும் என்பதால் மெட்ரோவில் போகிறார். கருத்துக் கேட்டபோது நீங்கள் எழுதினீர்களா என்று அவரிடம் கேட்டேன். "என்னைய யாரும்மா கேட்டாங்க? டிக்கெட் எடுக்கும்போதுதான் ஏத்திட்டாங்கன்னே தெரியும்" என்றார். தினமும் அந்த ரயிலில் ஏறி இறங்கும் அவரிடம் கருத்துக் கேட்க, நிலையத்து வாசலில் ஒரு மேசை போட்டு, கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் பேசத் தெரிந்த இரண்டு பேரை உட்காரவைத்தால் ஆகாதா? மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், மின்னஞ்சல் எழுதுபவர்களின் கருத்துதான் வந்து சேரும்.

நேரில் கேட்கும் கூட்டங்களும் இப்படித்தான். சாலை விரிவாக்கம் ஒன்றுக்காக நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேலை நாள், காலை பதினொரு மணி. கூலி வேலைக்குப் போகிறவரும், கடையை மூட முடியாதவரும், பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர வேண்டியவளும் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? மேடையில் ஆலோசனை நிறுவனத்தார் ஆங்கிலத்தில் படம் போட்டு விளக்கிக்கொண்டே போனார்கள். கீழே முன்வரிசை நாற்காலிகளில் அலுவலக ஊழியர்கள். எங்கள் முறை வருவதற்குள் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. கோயில் வாசலில் பல வருடங்களாகப் பூக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, கன்னடமும் தமிழும் கலந்து, "சாலை அகலமாகட்டும் சார், நான் வேண்டாம்னு சொல்லல. என் பெட்டிக்கடைக்கு இடம் எங்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதிகாரி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "பரெது கொடி, தாத்தா" என்றார். எழுதிக் கொடுங்கள் என்கிறார். அந்தப் பெரியவருக்கு எழுதத் தெரியாது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் அந்த மேடையில் இருந்தவர்களிடம்தான் இருக்கிறது, அதற்காகத்தான் அந்தக் கூட்டமே கூட்டப்பட்டிருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய மனுவை நான்தான் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

சட்டமே இவர்களுக்கு வழி விட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொது விசாரணைக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. காலியான மண்டபத்தில் நடத்தினாலும் அது முறையாக நடந்த விசாரணைதான். சட்டம் இயற்றுவதற்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை என்று மத்திய அரசே 2014இல் ஒன்றை வகுத்தது. வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் முன் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்கிறது அது. ஆனால் அது கொள்கைதான், சட்டம் அல்ல. மீறினால் தட்டிக் கேட்க வழியில்லை. கலந்தாலோசனை எதுவும் இல்லாமலே நாடாளுமன்றத்துக்கு வந்து நிறைவேறிய மசோதாக்கள் ஏராளம்.

மக்கள் வருவதே இல்லை, வருகிறவர்களும் எதற்கெடுத்தாலும் எதிர்க்கிறார்கள் என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மீது இப்படிப் பழி போடுவதை என்னால் ஏற்க முடியாது. திட்டம் தீட்டி, டெண்டர் விட்டு, ஒப்பந்தக்காரரையும் முடிவு செய்த பிறகு எங்களைக் கூப்பிடுவது, தாலி கட்டி முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போன்றது. அந்த நிலையில் எதிர்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு எந்த இடத்தை விட்டுவைத்தார்கள்? பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் கட்டப் புறப்பட்டபோது என்ன நடந்தது என்று இந்த ஊருக்கு நினைவிருக்கும். 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் "ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா" (இரும்பு மேம்பாலம் வேண்டாம்) என்று சாலையோரம் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. முறையாகக் கேட்டிருந்தால் ஒரு மண்டபத்தில் முடிந்திருக்க வேண்டிய பேச்சை வெயிலில் நின்று பேச வைத்தது எவருடைய தவறு? அப்படிக் கூட்டம் திரட்ட வழியில்லாத பூக்காரத் தாத்தாவின் கேள்வியை எந்தச் சங்கிலி வந்து காப்பாற்றும்?

பதில் சொல்வது நடக்காத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். இதே கர்நாடகத்தில் மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்துகிறது. அதன் கட்டண உத்தரவைப் புரட்டிப் பாருங்கள். மக்கள் எழுப்பிய ஆட்சேபம் என்ன, அதற்கு மின் நிறுவனம் கொடுத்த பதில் என்ன, ஆணையத்தின் கருத்து என்ன என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். கட்டணம் ஏறத்தான் செய்கிறது, பல பதில்கள் எனக்கு உடன்பாடில்லாதவைதான். ஆனாலும் ஒரு சாதாரண மனிதர் எழுதியதைப் படித்தார்கள் என்பதற்கும், எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்பதற்கும் அதில் எழுத்தில் சாட்சி இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போகலாம். ஓர் ஆணையத்தால் முடிகிற காரியம் வார்டு எல்லை வரைகிறவர்களுக்கும் சாலை விரிவாக்குகிறவர்களுக்கும் மட்டும் ஏன் முடியாமல் போகிறது?

அதனால் எங்கள் தெருவில் இனி வேறு விதமாகச் செய்வதென்று பேசியிருக்கிறோம். மனு கொடுத்து ஒப்புகை வாங்குவதோடு நிறுத்தாமல், இறுதி அறிவிப்பு வந்த மறுநாளே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு, வந்த ஆட்சேபங்கள் மொத்தம் எத்தனை, எங்கள் மனுவைப் படித்த அதிகாரியின் பதவி என்ன, கோப்பில் அவர் எழுதிய குறிப்பின் நகல் எங்கே என்று கேட்கப் போகிறோம். அந்தச் சட்டம் அவர்களுக்குக் கொடுக்கும் கெடு 30 நாள். வார்டு எல்லைக்கான முதல் விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதி முடித்துவிட்டோம், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரும் வாங்கியாயிற்று. பூக்கடைப் பெரியவரின் பெயரில் இரண்டாவது விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. சாலை விரிவானால் அவருடைய கடைக்கு இடம் எங்கே என்ற அதே கேள்வியை அதில் மீண்டும் எழுதியிருக்கிறோம்.