டோடோ மரம் குறித்து ஒரு திருத்தம்

கட்டுரையாசிரியருக்கு வணக்கம். தாவரங்களைப் பற்றிய மனித அறிவு வளர்ந்த வரலாறு குறித்த உங்கள் கட்டுரையில், ‘டோடோ மரம்’ எனப்படும் எங்கள் மொரீசியஸின் தம்பலகோக் மரத்துக்கும் இடம் தந்தமைக்கு மகிழ்ச்சி. ஆனால் டோடோ பறவை அழிந்ததால்தான் இம்மரம் முளைக்காமல் போயிற்று என்று எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. அது 1977இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஸ்டான்லி டெம்பிள் ‘சயன்ஸ்’ இதழில் முன்வைத்த கருத்து. முந்நூறு வயதைக் கடந்த 13 மரங்களே எஞ்சியுள்ளன என்றும், டோடோவின் இரைப்பையில் அரைபட்டாலன்றி அதன் கெட்டியான கொட்டை பிளக்காது என்றும் கருதிய அவர், வான்கோழிகளுக்கு ஊட்டிய 17 கொட்டைகளில் மூன்று முளைத்ததைச் சான்றாகக் காட்டினார். ஊட்டப்படாத கொட்டைகளை ஒப்பீட்டுக்காக அவர் விதைத்துப் பார்க்கவில்லை. என் பார்வையில் அதுவே பெருங்குறை. இவ்வாறு அரைபடாத கொட்டைகளும் முளைக்கும் என்பது 1940களிலேயே பதிவாகியிருந்தது. ஓட்டில் இயல்பாகவே ஒரு பிளவுக்கோடு உண்டு. அடிமரத்தில் தெளிவான ஆண்டு வளையங்கள் இல்லாத இம்மரத்தின் வயதை முந்நூறுக்கு மேல் என்று கணிக்கவும் முடியாது. வயது குறைந்த மரங்களும் பின்னர் காட்டில் கண்டறியப்பட்டன.

நம் இலுப்பையும் மகிழ மரமும் சேர்ந்த தாவரக் குடும்பத்து மரம் இது என்பதால் எனக்குத் தனிப் பற்று உண்டு. இன்று அதற்கு இடையூறு காயையே பறித்துத் தின்னும் குரங்குகளும், காட்டை நெரிக்கும் அயல் செடிகளுமே. நாங்கள் விடுமுறையில் குடும்பத்தோடு விரும்பிப் பறிக்கும் சீனக் கொய்யாவும் அவற்றுள் ஒன்று என்று எழுத வருத்தமாக இருக்கிறது. அப்பத்தியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.