மோயோ இன்னும் நிலமாகவில்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்த கோ (Go, பலகையில் காய் வைத்து நிலம் வளைக்கும் விளையாட்டு) ஆட்டத்தைப் பற்றி மேற்கொண்டு எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கருப்பின் பரப்புக்குள் குதிக்காமல், வெளியிலிருந்து அழுத்தி வெள்ளை வைத்த 68ஆவது காயைக் கோழைத்தனம் என்றும், அதைச் சரியென்று சொன்ன என்னைப் பழங்காலத்து ஆள் என்றும் மூன்று நாட்களாக எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். பழங்காலத்து ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கணக்கு மட்டும் மாறாது.

பலகையின் மேல் பக்கத்தில் கருப்பு கட்டியிருந்தது மோயோ. அதாவது, நிலமாகக்கூடும் என்ற நிலையில் உள்ள ஒரு வெளி. அது இன்னும் நிலமாகவில்லை. முழுவதும் அடைபட்டால் ஏறக்குறைய 45 புள்ளி வரும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடைபடுவதற்குக் கருப்பு இன்னும் சில காய்களைச் செலவிட்டாக வேண்டும்; வெள்ளை அதுவரை கைகட்டி உட்கார்ந்திருக்கப் போவதில்லை. கருப்பின் உறுதியான நிலம் 18, வெள்ளைக்கு 42, அதனுடன், இரண்டாவதாக ஆடுவதற்கு ஈடாக வெள்ளைக்குக் கிடைக்கும் கோமி 6.5. வெளியிலிருந்து மூலைவாட்டில் மேலே ஒரு காயை வைத்து அழுத்தினால் அந்த 45 சுமார் 25 ஆகச் சுருங்கும். அப்போது கருப்புக்கு 43, வெள்ளைக்கு 48.5. முன்னிலையில் இருப்பவர், சுற்றிலும் வலுவான கருப்புக் காய்கள் நிற்கும் இடத்துக்குள் எதற்காகக் குதிக்க வேண்டும்?

நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மூத்த ஆட்டக்காரர், எதிராளியின் பரப்பைப் பார்த்து நான் பதறும்போதெல்லாம், "அதை மூட அவனுக்கு இன்னும் எத்தனை காய் வேண்டும்?" என்று மட்டும் கேட்பார். பதில் சொல்லாமல் அடுத்த காயை எடுக்கவிட மாட்டார். எரிச்சலாக இருக்கும். இன்று அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. ஆட்டத்தை அலசும் கணினியின் திரையில் ஓடும் வெற்றி விழுக்காட்டைப் படித்துச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

"லீ செடோல் உள்ளே புகுந்துதானே ஆல்ஃபாகோவை வென்றார்?" என்று கேட்கிறார்கள். கொரிய ஆட்டக்காரர் லீ, ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலோடு 2016ஆம் ஆண்டு ஆடிய தொடரின் நான்காவது ஆட்டத்தை நானும் பார்த்தேன். அதில் லீ வைத்த 78ஆவது காய் வானத்திலிருந்து விழவில்லை. ஓரங்களில் நிலத்தைச் சேர்த்து, நடுவில் கருப்பாக ஆடிய ஆல்ஃபாகோவின் பரப்பைச் சுற்றி ஓட்டைகளை விட்டுவைத்து, வேறு வழியில்லாத கட்டத்தில் அவர் வைத்த காய் அது. அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ஆல்ஃபாகோ வைத்த 37ஆவது காயோ ஐந்தாவது கோட்டில், எதிராளிக் காயின் தோள்மேல் மூலைவாட்டில் வைத்து அழுத்திய காய். அதை முதலில் பிழையென நினைத்தவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். ஆக, உங்கள் இயந்திரத் தெய்வமே அழுத்தி ஆடியிருக்கிறது. அதைக் கோழை என்று எழுதிய பதிவை எங்கும் காணோம்.

ஜப்பானிய ஆட்டக்காரர் டாகேமியா மசாகியின் பெயரையும் இழுத்துவிட்டார்கள். நடுப்பலகையில் அவர் விரித்த மோயோக்கள் பலவும், உள்ளே நுழைந்தவரைத் துரத்தும்போது கிடைத்த லாபத்தால்தான் பலன் தந்தன. மோயோ கட்டுகிறவர் விரும்புவதே நாம் ஆத்திரப்பட்டு உள்ளே விழுவதைத்தான். இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பின்தங்கியிருந்தால் உள்ளே போக வேண்டும், அதை மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பின்தங்கவில்லை.

இயந்திரம் அந்த 68ஆவது காய்க்கு வெள்ளையின் வெற்றி வாய்ப்பில் மூன்று விழுக்காடு குறைத்ததாம். உள்ளே குதிக்கும் கிளையில் அடுத்தடுத்த காய்கள் ஒன்று பிசகாமல் வைத்தால்தான், பிடிபடாமல் பிழைக்கத் தேவையான இரண்டு கண்கள் (காய்கள் சூழ்ந்த தனி வெற்றிடங்கள்) கிடைக்கின்றன என்பதையும் அதே திரை காட்டுகிறது. அதைப் படமெடுத்துப் போட எவருக்கும் மனம் வரவில்லை. மணி ஓடிக்கொண்டிருக்க, இருபது வயதுகூட நிரம்பாத ஒருவர் தன் தலையால் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு அது. அவர் ஆட்டத்தை வென்றும் இருக்கிறார், அது உங்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. என்னைத் திட்டுங்கள், எனக்குப் பழகிவிட்டது. அவரைக் கோழை என்று எழுதியவர்கள், வெள்ளைக் காய்களை எடுத்துக்கொண்டு அதே 68இலிருந்து என்னோடு ஆடுங்கள். இயந்திரத்தை அணைத்துவிட்டு வாருங்கள். மேல் பக்கத்துக்குள் தாராளமாகக் குதிக்கலாம்.