தேசியச் சராசரி தரும் எளிய ஆறுதல்

டர்பனில் நம்மவர்கள் கூடும் இடங்களில் மாகாணப் பொருளாதாரம் பற்றிப் பேச்சு எழுந்தால், நம் குவாசுலு-நட்டால் மாகாணம் தென்னாப்பிரிக்க நாட்டின் சராசரியை ஒட்டியே வளர்ந்துவருகிறது, ஆகவே கவலைக்கு இடமில்லை என்று யாரேனும் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒப்பீடு நம்மை நெடுங்காலமாகப் பொய்யான ஆறுதலில் வைத்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நம் மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 16 விழுக்காடு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 6 கோடியே 20 லட்சம் மக்களில் சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவர், இங்கே வாழ்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நம் தலா உற்பத்தி நாட்டுச் சராசரியில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பது விளங்கும். பின்தங்கியிருக்கும் ஒரு மாகாணம் சராசரி வேகத்திலேயே வளர்ந்தால் அந்த இடைவெளி முப்பது ஆண்டுகள் கழித்தும் குறையாது. அதைக் குறைக்க வேண்டுமானால் சராசரியைவிட விரைவாக, அதுவும் பல ஆண்டுகள் இடையறாது வளர வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடு வளர்வது முப்பது ஆண்டுகளில் 35 விழுக்காடு உயர்வைத் தரும். 2 விழுக்காடு வளர்வதோ 81 விழுக்காடு உயர்வைத் தரும்.

அந்தச் சராசரிதான் எப்படிப்பட்டது? 2004 முதல் 2007 வரை நாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 விழுக்காடு வளர்ந்தது. 2014க்குப் பிந்தைய பத்தாண்டுகளிலோ சராசரி வளர்ச்சி 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மக்கள்தொகை அதைவிட விரைவாகப் பெருகியதால் தலா உற்பத்தி குறைந்தது. அப்படிப்பட்ட காலத்தில் சராசரியோடு ஒட்டி நின்றோம் என்பதற்கு, நாடு தேய்ந்த வேகத்திலேயே நாமும் தேய்ந்தோம் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. மேலும், அந்தச் சராசரிக்குள் நாமும் அடக்கம் என்பதால், நம்மை நீக்கிய மற்ற எட்டு மாகாணங்களோடு ஒப்பிடுவதே நேர்மையானது.

வட்டாரச் சராசரியில் இந்தக் குறை இன்னும் பெரிது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்த தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தின் மொத்த உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவினுடையது. எனவே அதன் சராசரியோடு நம்மை ஒப்பிடுவது கிட்டத்தட்ட நம் நாட்டோடு மீண்டும் ஒரு முறை ஒப்பிடுவதுதான். 1966இல் மிக வறிய நாடாக விடுதலை பெற்ற போட்ஸ்வானா பின்னர் உலகிலேயே விரைந்து வளர்ந்த நாடுகளுள் ஒன்றானது அந்தச் சராசரியில் தெரியவே தெரியாது. (வைரச் சுரங்கங்கள் இருந்ததால் அது நமக்கு நேரான ஒப்பீடு ஆகாது என்பதை ஏற்கிறேன்.)

தொடக்க ஆண்டைத் தேர்வதும் முடிவையே மாற்றிவிடும். 2020இல் பெருந்தொற்று, 2021 ஜூலையில் கலவரமும் சூறையும், 2022 ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம் எனத் தொடர்ந்து அடிவாங்கிய ஆண்டுகளில் ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டால், பழைய நிலைக்குத் திரும்புவதே வளர்ச்சியாகத் தோன்றும். எல்லைகளும் மாறியிருக்கின்றன. 1994இல் நட்டாலும் குவாசுலுவும் இணைந்தன. 2006இல் உம்சிம்குலு பகுதி கிழக்கு கேப் மாகாணத்திலிருந்து நம்மிடம் வந்தது. புள்ளியியல் துறை 2021இல் கணக்கீட்டைத் திருத்தியபோது நாட்டு உற்பத்தியின் அளவே சுமார் 11 விழுக்காடு உயர்ந்தது. பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒட்டவைத்தால் நடக்காத வளர்ச்சி நடந்ததாகத் தெரியும்.

என்னை மிகவும் வருத்துவது இடப்பெயர்வு. 1996இல் சுமார் 73 லட்சமாக இருந்த, ஜோகன்னஸ்பர்க் அமைந்துள்ள கௌடெங் மாகாணத்தின் மக்கள்தொகை 2022இல் 1 கோடியே 51 லட்சமாகிவிட்டது. டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் படித்து முடித்த நம் பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் வேலை தேடுவதை எல்லோரும் அறிவோம். வேலையற்ற ஒருவர் வெளியேறினால், இங்கே ஒரு புதிய வேலைகூட உருவாகாமலே தலா உற்பத்தி உயர்ந்ததாகக் கணக்கு காட்டும். ஆகவே மாகாண நிதித் துறை, வளர்ச்சி விகிதத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல், 1996 முதல் இன்றைய எல்லைக்குள் கணக்கிட்ட தலா உற்பத்தியையும், உழைக்கும் வயதினரில் வேலையில் இருப்போரின் விகிதத்தையும், மற்ற எட்டு மாகாணங்களின் எண்களோடு ஒரே அட்டவணையில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.