பெயின்ட் அடிக்காத கல்லறைகள்

"ஞாயித்துக்கெழமை அதுவுமா யாராச்சும் கல்லறையைச் சுத்திப் பாக்கப் போவாங்களா?" என்று அம்மா கேட்டார். போவார்கள். நான் போனேன். திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்த அம்மாவுக்கு அது போய்விட்டு வந்தால் வாசலிலேயே தலைக்குக் குளிக்க வேண்டிய இடம். குளித்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

போனது புதுச்சேரி உப்பளம் கல்லறைக்கு. சில வருடங்களுக்கு முன் நண்பனின் அப்பாவை அடக்கம் செய்யப் போனதுதான் முதல் தடவை. அன்று குனிந்த தலை நிமிரவில்லை. அப்புறம் ஒரு நாள் சும்மா உள்ளே நுழைந்து மூன்று மணி நேரம் சுற்றியதிலிருந்து, ஊருக்கு யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போகிறேன். எல்லாரும் பழைய பிரெஞ்சுக்காரர் குடியிருப்பான ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அந்த வீடுகளில் இருந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை போனது அக்டோபர் கடைசி. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்பதால் உள்ளே ஒரே வேலை. புல் செதுக்குகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஒரு பெயின்டர் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷில் கறுப்பு எனாமலைத் தொட்டுத் தொட்டு ஒரு பழைய கல்லின் எழுத்துகளை நிரப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் பிரெஞ்சு.

"படிக்கத் தெரியுமாண்ணே?"

"எங்க தம்பி. பள்ளம் இருக்கிற எடத்துல பெயின்ட் உடுறேன், அவ்ளோதான்." அப்புறம் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி என்னைக் கேட்டார்: "இங்க மேல சின்னதா ஒரு கோடு இருக்கே, இது எழுத்தா, கீறலா?"

குனிந்து பார்த்தேன். 'பிறந்தார்' என்பதற்குப் பிரெஞ்சில் எழுதும் 'நே'யின் தலையில் போடும் கோடு அது. எழுத்துதான் என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் போட்டார். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.

போன வருடம் நானே இதைத் திட்டி எழுதியிருக்கிறேன். காரணம் இருந்தது. பழைய பிரெஞ்சு முறையில் 1 என்ற இலக்கத்துக்கு நீளமான மூக்கு இருக்கும். பார்த்தால் 7 போலவே தெரியும். 1817இல் பிறந்து 1871இல் காலமான ஒரு புண்ணியவான், யாரோ அடித்த பெயின்டால் 1877இல் பிறந்து, அதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துபோயிருந்தார். வரலாற்றைக் கெடுக்கிறார்கள், பாரம்பரியம் போச்சு என்றெல்லாம் குதித்தேன். லைக்கும் நிறைய விழுந்தது.

இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. அன்று சாயங்காலம் என் போனில் இருந்த படங்களைத் தள்ளிப் பார்த்தேன். நான் ஆசை ஆசையாக எடுத்தது எதுவுமே பெயின்ட் அடித்த கல்லறை இல்லை. மூக்கு உடைந்த பளிங்கு தேவதை. துருப்பிடித்துத் தேன் நிறமான வார்ப்பிரும்புச் சிலுவை. கூரை பிளந்து ஆலங்கன்று முளைத்த குட்டிக் கோயில் மாதிரியான குடும்பக் கல்லறை. பளிங்கில் ஈயம் ஊற்றிப் பதித்த எழுத்துகள் உதிர்ந்துபோய், ஈயம் பிடித்துக்கொள்ளத் துளைத்த ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நிற்கும் ஒரு கல். அதைக் கண்ணால் படிக்க முடியாது. விரலை வைத்துத் தடவித்தான் ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடிக்க வேண்டும். அரைமணி நேரம் தடவி ஒரு பெண்ணின் பெயரைப் பாதி தேற்றினேன். கீழே 'நிரந்தர உரிமை' என்று பிரெஞ்சில் வெட்டியிருந்தது. இடத்தை என்றைக்குமாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். உரிமை இருக்கிறது, ஆள்தான் இல்லை.

நான் அழகு என்று மயங்கியதெல்லாம் கேட்பாரற்ற கல்லறைகள். பெயின்டும் பாத்ரூம் டைல்ஸும் சாமந்தி மாலையுமாகக் கண்ணைக் குத்துகிறவை, வீட்டு ஆள் இன்னமும் வந்து போகிறவை. இதை யோசித்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பெயர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். நம் பெயர்களின் உகரத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து வேண்டும். கல்லின் அகலம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நிற்கும். இன்னொரு பக்கம், முகம் நம்ம ஊர் முகம், பெயர் மட்டும் முழுப் பிரெஞ்சு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கப்படியான சொந்தச் சட்டத்தை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1873இல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், அதை ஆட்சேபித்த நீதிபதியோடு பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளைகூட 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தாக்களின் (பிரெஞ்சுப் படையின் நம்ம ஊர்ச் சிப்பாய்கள்) கல்லும் உண்டு. அதில் பெயரைவிட ரெஜிமென்ட்டுக்குத்தான் பெரிய எழுத்து.

மண்ணுக்குள் போனால் எல்லாரும் ஒன்று என்ற வசனம் மட்டும் வேண்டாம். புதுச்சேரியின் சம்பா கோயில் என்ற மாதா கோயிலுக்குள்ளேயே சாதி பிரிக்கும் சுவர் இருந்ததையும் 1745இல் அதை இடித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கல்லறைக்குள் சுவர் எழுப்பிய கதை வேண்டுமானால் திருச்சி மேலப்புதூரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடலூர்க்காரர்கள் புதுச்சேரியில் கப்ஸ் கோயில் என்ற மாதா கோயில் பக்கம் உள்ள பழைய சின்னக் கல்லறைக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இருக்கிறார். 1785 ஜனவரியில் புதுச்சேரியில் இறந்தவர். 1783 ஜூன் 13 அன்று நம்ம கடலூரில் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்றது இவர்தான். ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. சேதி கப்பலேறி வந்து சேர ஜூன் கடைசி ஆனது. அதற்குள் ஆயிரக்கணக்கில் விழுந்தாயிற்று. இரண்டு படையிலும் நம்ம ஆள் சிப்பாயாக இருந்தான். அவனுக்கு ஒரு கல்லும் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சரி, பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் இடம் இது. கடல் காற்றின் உப்பு பழைய சுண்ணாம்புப் பூச்சுக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து படிகமாகி, உள்ளிருந்து தள்ளிப் பூச்சை உதிர்க்கிறது. அதற்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று இன்னும் சீக்கிரம் அரிக்கும். அதனால் சிமென்ட்டுக்கு நான் இன்றும் எதிரி. சுண்ணாம்பு அடித்தால் சண்டை போட மாட்டேன். எனாமல் எழுத்துக்குக்கூட இனிமேல் வாய் திறக்க மாட்டேன். தன் தாத்தாவின் பெயரை வருடத்துக்கு ஒருமுறை கறுப்பாக்கிப் பார்க்க நினைக்கிறவரிடம் பாரம்பரியம் பேச நான் யார்?

அகநானூற்றில் ஒரு நடுகல் வரும். மறவர்கள் அதில் அம்பு தீட்டித் தீட்டி அதன் பக்கமெல்லாம் தேய்ந்துபோயிருக்கும். களைத்து வரும் வழிப்போக்கர்கள் நின்று பெயரைப் படிக்கப் பார்ப்பார்கள், எழுத்து கூடி வராது, அப்படியே விட்டுவிட்டு நடப்பார்கள். ஊசித் துளைக் கல்லுக்கு முன்னால் எனக்கு அந்த வழிப்போக்கர்கள் நினைவுதான் வந்தது. நான் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லறைத் திருநாள் முடிந்து, மழை விட்டதும் ஒரு ஞாயிறு மறுபடி போகிறேன். பெயின்ட் படாத கல்லாகப் பார்த்து, எழுத்தைப் படித்துக் குறித்து வைக்க. பிரெஞ்சு தெரிந்தவர்கள் கூட வந்தால் பேருதவி. சாயங்கால வெயிலில், அல்லது டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழுந்து வரும். டார்ச் கொண்டுவாருங்கள். சாக்பீஸ் வேண்டாம், கல்லைக் கெடுக்கும். அம்மா நட்புப் பட்டியலில் இருக்கிறார், கமென்ட்டில் குளியல் விஷயத்தை யாரும் இழுக்காதீர்கள்.