விழா நமக்கு, ஆணி மரத்துக்கா?

ஆடி பிறந்தால் தை முடியும்வரை நம்ம சென்னைப் பேட்டைகளில் ஏதாவது ஒரு விசேஷம் இருந்துகொண்டே இருக்கும். அம்மனுக்குக் கூழ், ஆகஸ்ட் 15 கொடியேற்றம், பெசன்ட் நகரில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, மார்கழிக் கோலப்போட்டி, தெருப் பொங்கல். நடக்கட்டும், நன்றாகவே நடக்கட்டும். எதிர் ஃபிளாட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாத ஊரில், தெருவே கூடி ஒரு வேளை இலை போட்டுச் சாப்பிடுவது பெரிய காரியம். விழா எடுப்பவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு விழாவுக்கும் முதல் வேலையாகச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறோமே, அதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர், அந்தப் பக்கம் அண்ணா நகர். "நல்ல மரம் இருக்கிற ஏரியா" என்று சொல்லித்தான் வாடகையை ஏற்றுகிறோம், வீட்டை விற்கிறோம். அந்த மரத்தின் அருகே போய்க் கண் உயரத்தில் ஒரு நிமிஷம் பாருங்கள். போன மார்கழிக் கோலப்போட்டி அறிவிப்பு, இலவசக் கண் பரிசோதனை முகாம், பிளஸ் டூ டியூஷன், பேயிங் கெஸ்ட், வீடு காலி செய்து தரும் ஆட்கள், வாட்டர் ஃபில்டர் சர்வீஸ். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தகரப் பலகை: "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்." நான்கு மூலைக்கு நான்கு ஆணி. அடித்தது வெளியாள் இல்லை, குடியிருப்போர் நலச் சங்கம்.

கேட்டால், "ஒரு ஆணிதானே சார், மரத்துக்கு என்ன வலிக்கவா போகுது?" என்கிறார்கள். வலியை விடுங்கள். அந்த ஆணி எதற்குள் போகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மரத்தின் உயிர் நடுத்தண்டில் இல்லை. வெளிப்பட்டைக்கு உடனே உள்ளே மெல்லிய உட்பட்டை ஓடுகிறது. இலையில் தயாராகும் சர்க்கரை அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அதற்கும் உள்ளே, காகித கனத்தில் வளர்திசு. மரம் பருப்பதே அந்தப் படலத்தால்தான். அதற்குள்ளே இருக்கும் வெளிறிய கட்டை வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறது. இரண்டரை இஞ்ச் ஆணி ஒரே அடியில் இந்த மூன்றையும் துளைக்கிறது. நம் தோலில் காயம் ஆறுவதுபோல மரத்தில் ஆறாது. காயம்பட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அந்தக் கட்டையை மரம் கைவிட்டுவிடும், மேலே புதுப் பட்டை மூடும். ஒரு ஆணி என்றால் தாங்கிக்கொள்ளும். ஆனால் நாம் ஒன்றோடு விடுவதில்லையே. எல்லாரும் கண் உயரத்தில்தான் அடிக்கிறோம். அதனால் வருஷா வருஷம் அதே ஒரு அடி வளையத்தில் ஓட்டைமேல் ஓட்டை விழுகிறது. காற்றில் பலகை ஆடும்போது துளை அகலும். ஐப்பசி, கார்த்திகை மழை அதில் இறங்கும், பூஞ்சை பின்னாலேயே வரும். வெளியே பச்சையாக நிற்கும் மரம் உள்ளே சொத்தையாகிக்கொண்டிருக்கும்.

ஆணியைவிடக் கொடுமை கம்பி. இதை யாரும் பேசுவதே இல்லை.

சீரியல் செட் கட்டுபவர் பத்து நிமிஷத்தில் வேலையை முடிக்க வேண்டும். கட்டுக்கம்பியை அடிமரத்தில் மூன்று சுற்று சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி, கிளைகளில் விளக்கை ஏற்றிவிட்டுப் போகிறார். விழா முடிந்ததும் விளக்கு அவருடைய சொத்து, ஞாபகமாகக் கழற்றுகிறார். கம்பி மலிவு, அதை அங்கேயே விட்டுவிடுகிறார். அடுத்த வருஷம் அதற்கு மேல் இன்னொரு சுற்று. மரம் பருக்கிறது, கம்பி பருக்காது. இரண்டு மூன்று வருஷத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். அப்படிப்பட்ட மரம் உங்கள் தெருவிலேயே நிற்கும், போய்ப் பாருங்கள். கம்பிக்கு மேலே பட்டை உதடுபோலப் பிதுங்கியிருக்கும், கீழே ஒட்டிக்கிடக்கும். இறங்க வழியில்லாத சர்க்கரை மேலே தேங்குவதால் வரும் வீக்கம் அது. கீழே வேர் பட்டினி. இலை இன்னும் சில காலம் பச்சையாகவே இருக்கும், தண்ணீர் அந்த வெளிறிய கட்டை வழியாக ஏறுகிறதே. அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. வேர் செத்து, ஒருநாள் காற்றில் மரம் சாய்ந்தால், "நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறோம்.

2016 டிசம்பர் 12 மறந்துபோச்சா? மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய வர்தா புயலில் ஒரே பகலில் சென்னை முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. புயல்மேல் பழி போடுவது சுலபம். வேரோடு புரண்டு கிடந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல மரங்களில் வேர் சிமென்ட் வட்டத்தைத் தாண்டியே போயிருக்கவில்லை. போக நாம் விட்டால்தானே? தெருவுக்கு அழகு என்று இன்டர்லாக் கல்லை அடிமரம்வரை ஒட்டிப் பதிக்கிறோம். ஆகஸ்ட் 15 வருகிறதென்றால் சுற்றி ஒரு திண்டு கட்டிப் பெயின்ட் அடிக்கிறோம். 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட் இருக்கக் கூடாது, இருந்தால் பெயர்த்தெடு என்று உத்தரவிட்டது. ஒரு மீட்டர்! நம்ம தெருவில் ஒரு ஜாண் மண்ணுக்கே வழியில்லை.

பந்தலுக்கு வருவோம். தார் ரோட்டைக் கடப்பாரையால் ஒன்றரை அடி பெயர்த்துக் கம்பு நடுகிறார்கள். நிழல் வேண்டுமே என்று அதையும் மரத்தை ஒட்டியே நடுகிறார்கள். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு அடிக்குள்தான் கிடக்கிறது. கடப்பாரை இறங்குவது சரியாக அங்கே. விழா முடிந்ததும் குழியில் செங்கல் துண்டைப் போட்டு மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மழையில் தண்ணீர் தாருக்கு அடியில் இறங்கும், ஓரம் உடையும், ஒரே மாதத்தில் பள்ளம். பிறகு ரோடு சரியில்லை என்று மாநகராட்சியைத் திட்டுவோம்.

குழியே வேண்டாம். 20 லிட்டர் காலி பெயின்ட் வாளியின் நடுவில் இரண்டு அடி இரும்புக் குழாயை நிறுத்தி கான்கிரீட் ஊற்றி வைத்தால் 45 கிலோவுக்கு மேல் நிற்கும். பந்தல் கம்பத்தை அந்தக் குழாய்க்குள் இறக்கினால் போதும். பத்துக்குப் பத்து ஷாமியானாவுக்கு மூலைக்கு ஒன்றாக நான்கு, காற்று வாட்டமான தெருவென்றால் காற்று வரும் பக்கம் இரண்டு கூடுதல். ஒரு முறை செய்து சங்க அலுவலகத்தில் போட்டால் பல வருஷம் ஓடும். வெறும் மணல் நிரப்பினால் முப்பது கிலோ சொச்சம்தான் வரும், அதை நம்பி உயரமாகக் கட்டாதீர்கள். எதில் கட்டினாலும் சாயங்காலம் காற்று கிளம்பினால் முதலில் துணியை இறக்கிவிட வேண்டும்.

விளக்கைக் காம்பவுண்டு சுவரிலோ தனி மூங்கிலிலோ கட்டலாமே, யார் தடுத்தது? மரத்தில்தான் கட்ட வேண்டும் என்று அடம்பிடித்தால், கம்பி கூடவே கூடாது. அடியில் ஒரு சாக்குத் துண்டைச் சுற்றி, அதன்மேல் பருத்திக் கயிற்றால், இரண்டு விரல் நுழையும் தளர்வோடு கட்டுங்கள். மரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சீரியல் செட் ஒயரின் உறை மெல்லிசு, இணைப்புகளில் வெறும் டேப். அதன்மேல் கட்டுக்கம்பியை முறுக்கினால் உறை கிழியும். நவராத்திரி, தீபாவளி சமயம் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். நனைந்த மரத்தில் கரண்ட் இறங்கும். நம்ம தெருப் பிள்ளைகள் கண்ணாமூச்சிக்குக் கை வைத்து எண்ணுவது அந்த மரத்தில்தான். தெருமுனை பில்லர் பாக்ஸில் கொக்கி போடாமல் ஈ.பி.யில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். விளக்கு லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஸ்விட்ச் போடவே விடாதீர்கள்.

அன்னதானம் நடக்கும் இடத்திலும் இதே அலட்சியம். அடுப்பை மரத்தடியில் வைத்தால் அனலில் தாழ்ந்த கிளை கருகும். வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க வேரில் ஊற்றுகிறார்கள், மிச்ச சாம்பாரை உப்போடு கொட்டுகிறார்கள். போகியன்று பழைய பாயையும் டயரையும் அதே இடத்தில் கொளுத்துகிறார்கள். பட்டை வெந்தால் அடியில் இருக்கும் வளர்திசுவும் வெந்துவிடும். அந்தப் பக்கம் இனி மரம் பருக்காது.

ஊர்வலத்துக்கு இடைஞ்சல் என்று கிளை வெட்டுவது தனிக்கதை. லாரிமேல் ஏறி அரிவாளால் ஒரே பக்கமாக வெட்டினால் பாரம் எதிர்ப்பக்கம் சாயும். மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை பாதியில் முறிந்து, அடிமரப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்கு இரண்டு இஞ்ச் வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை சுத்தமாக விழும். மிஞ்சிய கட்டையை, கிளை புறப்படும் இடத்தில் இருக்கும் மேட்டுக்கு வெளியே மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும். அந்த மேட்டையும் சேர்த்து வழித்துவிட்டால் காயம் மூடாது. இதெல்லாம் மாநகராட்சியின் பூங்காத் துறையிடம் சொல்லி, ஆள் வரவழைத்துச் செய்யும் வேலை. 1913-க்கு ஒரு போன், அல்லது நம்ம சென்னை செயலியில் ஒரு புகார். விழாவுக்கு முந்தைய ராத்திரி பதினோரு மணிக்கு ஞாபகம் வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

"அப்போ தெருவுக்குச் செய்தியை எப்படித்தான் சொல்றது?" என்று கேட்கிறார்கள். ஐயா, இப்போது மட்டும் சொல்லிவிட்டீர்களா? மரத்தில் இருப்பது எட்டு மாதத்துக்கு முந்தைய கோலப்போட்டி. நாளைக்குக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இருக்காது என்பது அங்கே இல்லை. வாட்ஸ்அப் குழுவிலோ நாற்பது "இனிய காலை வணக்கம்" படங்களுக்கு அடியில் கிடக்கிறது. படிக்க முடியாத செய்திக்காக மரத்தைக் குத்துகிறோம்.

தெரு முனையில், மரத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, மாநகராட்சியிடம் கேட்டு ஒரு பலகை வையுங்கள். நடைபாதையில் இடமில்லை என்றால் ஒரு ஃபிளாட்டின் காம்பவுண்டு சுவரே போதும். நான்கு அடிக்கு மூன்று அடி, மழைக்கு மேலே ஒரு தகரச் சரிவு, கண்ணாடிக் கதவு, ஒரு பூட்டு. சாவி இரண்டு பேரிடம் மட்டும். ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் அகற்றும் தேதி. தேதி தாண்டினால் கேள்வி கேட்காமல் கிழித்துவிட வேண்டும். கீழே ஒரு சின்னக் கரும்பலகை, கரண்ட் நிறுத்தம், மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரம், இறப்புச் செய்தி இவற்றுக்கு மட்டும். ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்துதான், ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தார். அதற்குப் பிறகும் "வருக வருக" என்று கட்டுவதற்கு எப்படி மனசு வருகிறது?

ஏற்கெனவே அடித்த ஆணிகளை எடுக்கும்போதும் நிதானம் வேண்டும். தலை வெளியே தெரிகிற ஆணியென்றால், பட்டைமேல் ஒரு மரக்கட்டைத் துண்டை வைத்து, சுத்தியலின் கொக்கியை அதில் ஊன்றி நேராக இழுங்கள். பட்டைமேலேயே நெம்பினால் ஆணி செய்ததைவிடப் பெரிய காயம் ஆகும். பட்டை முழுசாக மூடிவிட்ட ஆணியைத் தோண்டாதீர்கள், கிடக்கட்டும். கம்பியையும் அப்படித்தான்: வெளியே தெரியும் இடங்களிலெல்லாம் நறுக்கி, தானாக வரும் துண்டை மட்டும் எடுங்கள். புதைந்ததைப் பிடித்து இழுத்தால் பட்டையும் கூடவே வரும். துளையில் சிமென்ட், தார் எதுவும் பூச வேண்டாம்.

மரத்தில் ஆணி அடித்தால் அபராதம், சிறை என்று மாநகராட்சி எச்சரித்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. ஆணி குறையவில்லை. சங்கத்துச் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். பந்தல்காரரிடமும் லைட்காரரிடமும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஆணி கிடையாது, கம்பி கிடையாது, குழி கிடையாது." விழா முடிந்த மறுநாள் காலை வெளிச்சத்தில், மீதிப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவரோடு ஒவ்வொரு மரத்தையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கடைசிக் கம்பியும் அவர் கைக்கு வந்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.